கிட்டார் ஃபஸ் பெடலை பேஸில் போட்டால் அடிநாதம் எங்கே போகிறது?

கேள்வி இது: கிட்டார் வாசிக்கும் நண்பரிடமிருந்து பிக் மஃப் வகை ஃபஸ் பெடல் (ஒலியை வேண்டுமென்றே கிழித்துக் கரகரப்பாக்கும் பெடல்) ஒன்று இரவல் வாங்கி என் பேஸ் கிட்டாரில் போட்டுப் பார்த்தேன். அறையில் தனியாக வாசித்தால் சுவர் அதிர்கிறது. பேண்டோடு வாசிக்கும்போது பெடலை மிதித்த நொடியில் நான் காணாமல் போய்விடுகிறேன். கிட்டார் பெடல் பேஸுக்கு ஒத்துவராதா? பேஸுக்கென்றே ஒன்று வாங்க வேண்டுமா? ஆம்ப் கெட்டுவிடுமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பேஸைச் செருகுவதால் பெடல் கெடாது. பெடலால் ஆம்பும் கெடாது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சாதாரண பேஸ் ஒலியில் விரல் படும் நொடியில் ஓர் உச்சம் வரும், பிறகு அடங்கும். ஃபஸ் அந்த உச்சத்தைச் சீவிவிட்டு எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிடுகிறது. அதனால் ஆம்பின் குமிழ் அதே இடத்தில் இருந்தாலும் ஸ்பீக்கருக்கு இடைவிடாமல் போகும் சக்தி கூடுகிறது. கேபினெட்டில், அதாவது ஸ்பீக்கர் பெட்டியில், உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் இருந்தால் அதற்குப் பங்கு இன்னும் அதிகம். மிதமான சத்தத்தில் வாசித்தால் பயம் வேண்டாம். ஆம்பை முழுக்கத் திறந்து மணிக்கணக்கில் ஃபஸ்ஸோடு வாசிப்பதாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். பெடலைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நீங்கள் காணாமல் போவதற்குக் காரணம் அந்தப் பெடலின் மேல் 'கிட்டார்' என்று எழுதியிருப்பது அல்ல.

இந்த ஓசையே பேஸில் பிறந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். நாஷ்வில்லில் பதிவாகி 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாட்டில் கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸில் ஒரு தனி வாசிப்பு வாசித்தார். மிக்ஸிங் மேசையில் ஒரு சேனல் பழுதாக இருந்ததால் அந்தப் பகுதி மட்டும் கிழிந்துபோய்ப் பதிவானது. அந்தக் கிழிசல் பலருக்கும் பிடித்துப்போயிற்று. ஒலிப்பொறியாளர் க்ளென் ஸ்னாடி அதையே டிரான்சிஸ்டர்களால் உண்டாக்கும் சுற்று ஒன்றை அமைத்தார். கிப்ஸன் நிறுவனம் 1962-ல் அதை மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 என்ற ஃபஸ் பெடலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-ல் பீட்டில்ஸின் 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாட்டில் பால் மக்கார்ட்னி ஃபஸ் பேஸ் வாசித்தார். அதைக் காதை ஊன்றிக் கேளுங்கள்: ஃபஸ் பேஸ் ஒன்று, அதற்கு அடியில் சாதாரண பேஸ் இன்னொன்று, இரண்டும் கூடவே ஓடுகின்றன. உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி அந்தப் பதிவிலேயே இருக்கிறது.

அடிநாதம் ஏன் போகிறது? எல்லோரும் சொல்லும் காரணம், கிட்டார் பெடலில் உள்ள கெப்பாசிட்டர்கள் தாழ்ந்த ஒலியை வடிகட்டிவிடுகின்றன என்பது. அதில் உண்மை உண்டு. கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; நான்கு கம்பி பேஸின் 'ஈ' கம்பி அதில் சரிபாதி, 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸின் 'பி' கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஒரு சுற்றில் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குப் பின்னால் 100 கிலோ ஓம் இருந்தால் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கிவிடும். கிட்டாருக்கு அது சுத்தமாகக் கேட்கும், பேஸுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இருக்காது.

ஆனால் பல ஃபஸ் பெடல்களில் இந்தக் குறை பெரிதாகவே இல்லை. 1966-ல் வந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்ற பெடலின் நுழைவாயிலில் 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறது. பேஸின் எந்தக் கம்பியும் அதில் தடையில்லாமல் புகுந்துவிடும். பிக் மஃப்பும் தாழ்ந்த ஒலிக்குப் பஞ்சமில்லாத பெடல்தான். அப்படியிருந்தும் பேண்டில் நீங்கள் கரைந்துபோகிறீர்கள். ஏன்?

பெரிய காரணம் நம் காதுதான். ஃபஸ் ஒரு சுரத்தை எடுத்து ஏறக்குறைய சதுர அலையாக மாற்றுகிறது. அப்படி மாறும்போது மூல அதிர்வோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வுகளும் வரிசையாகச் சேர்கின்றன. 41 ஹெர்ட்ஸ் 'ஈ' கம்பியிலிருந்து 2000, 3000 ஹெர்ட்ஸ் வரை சரம்சரமாக ஓசை கிளம்புகிறது. நம் காது மிகக் கூர்மையாக இருப்பது அந்த 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் பகுதியில். 40 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட மந்தம். இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பெடலை மிதித்து, அணைத்து, இரண்டு நிலையிலும் சத்தம் சமமாகக் கேட்கும்வரை வால்யூம் குமிழைத் திருப்புகிறீர்கள். காது அளந்தது மேலே உள்ள இரைச்சலை. அதைச் சமன்செய்யக் குமிழை இறக்கும்போது கூடவே அடிநாதமும் இறங்கிவிடுகிறது. பெடல் எடுத்துக்கொண்டதைவிட அதிகமாக நம் கையே எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது, உச்சங்கள் போய்விடுவது. கிக் டிரம்மோடு பேஸ் பூட்டிக்கொள்வது விரல் படும் அந்த முதல் துடிப்பில்தான். ஃபஸ் அதைச் சமதளமாக்கிவிட்டால் சுரம் எங்கே தொடங்கியது என்றே டிரம்மருக்குத் தெரியாது.

மூன்றாவது பிக் மஃப்புக்கே உரியது. 1969-ல் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் வெளியிட்ட காலத்திலிருந்தே அதன் டோன் பகுதி, குமிழ் நடுவில் இருக்கும்போது 1000 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் ஒரு பள்ளம் தோண்டும். தனியாக வாசிக்கையில் அந்தப் பள்ளம்தான் அத்தனை பிரம்மாண்டம் என்று தோன்றச் செய்கிறது. பேண்டில் கீழே கிக் டிரம் நிற்கிறது, மேலே சிம்பலும் கிட்டாரும் நிற்கின்றன. உங்களுக்கென்று மிச்சம் இருந்த இடம் அந்த நடுப்பகுதி. அதையும் பெடல் காலிசெய்துவிட்டது. உங்கள் அறையில் சுவர் அதிர்ந்ததும் மேடையில் நீங்கள் மறைந்ததும் ஒரே காரணத்தால்தான்.

தீர்வு மக்கார்ட்னி பதிவில் கேட்டதுதான்: க்ளீன் ஒலி, அதாவது ஃபஸ் தொடாத ஒலி, கீழே அப்படியே ஓட வேண்டும், ஃபஸ் அதன் மேல் ஏற வேண்டும். மேடையில் ஒரே ஆள் இதைச் செய்ய, சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஃபஸ் வழியாக அனுப்பி, மறுபாதியைத் தொடாமல் விட்டு, கடைசியில் சேர்க்கும் ப்ளெண்டர் பெடல் ஒன்று போதும். பாஸ் நிறுவனத்தின் எல்எஸ்-2 லைன் செலெக்டர் பல பேஸ் வாசிப்பவர்களின் பலகையில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அதில் 'ஏ + பி' கலவை நிலையில் வைத்து, 'ஏ' வழியில் ஃபஸ்ஸைச் செருகி, 'பி' வழியில் அனுப்பும் துளைக்கும் திரும்பும் துளைக்கும் இடையே ஒரு சிறிய கேபிளைப் போட்டுவிட்டால், இரண்டு குமிழ்களால் விகிதத்தைப் பிடித்துவிடலாம். பேஸுக்கென்று விற்கும் ஃபஸ் பெடல்களில் பல, உள்ளே அதே கிட்டார் சுற்றோடு இந்தக் க்ளீன் கலவைக் குமிழைச் சேர்த்தவைதான். கையில் நல்ல பெடல் இருக்கும்போது அந்தக் குமிழுக்காக இன்னொரு பெடல் வாங்குவதைவிட, எந்த ஃபஸ்ஸையும் பேஸ் ஃபஸ்ஸாக மாற்றும் ப்ளெண்டர் வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

ப்ளெண்டர் வந்தபிறகு ஒரு விசித்திரம் நடக்கும். 'கிட்டார் பெடலில் அடி இல்லை' என்று நாம் குறைசொன்னதே நிறையாக மாறிவிடும். க்ளீன் வழியில் 41 ஹெர்ட்ஸ் முழுசாக வருகிறது. ஃபஸ் வழியிலும் அதே 41 ஹெர்ட்ஸ், நசுங்கிப்போய் வந்தால் இரண்டும் மோதிக்கொண்டு களிமண் மாதிரி ஆகும். ஃபஸ் வழியில் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராமல் இருந்தால் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும். ஸ்டூடியோவில் க்ளீன் பேஸை நேரடியாக ஒரு தடத்திலும் ஃபஸ்ஸை இன்னொரு தடத்திலும் எடுத்து, ஃபஸ் தடத்தின் அடியை வெட்டிவிடுவதும் இதே காரணத்துக்குத்தான். மெலிந்த ஒலி என்று கிட்டார் வாசிப்பவர்கள் ஓரம்கட்டிய ஃபஸ் பெடல் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். ப்ளெண்டரில் அது பிரமாதமாக உட்காரும்.

ஒரு கண்ணி இருக்கிறது, அதில் நானும் பல வாரம் சிக்கியிருந்தேன். ப்ளெண்டரைப் பூட்டி, இரண்டு குமிழையும் சமமாக வைத்தபோது ஒலி கூடுவதற்குப் பதில் ஒல்லியானது. க்ளீன் மட்டும் வைத்தால் கனம், ஃபஸ் மட்டும் வைத்தாலும் கனம், சேர்த்தால் தகர டப்பா. கேபிளை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன். கடைசியில் புரிந்தது: அந்தப் பெடல் சிக்னலைத் தலைகீழாகப் புரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. டிரான்சிஸ்டர் பெருக்கும் கட்டம் ஒவ்வொன்றும் அலையைப் புரட்டுவது வழக்கம். இரட்டைப்படையில் கட்டங்கள் இருந்தால் நேராக வெளியே வரும், ஒற்றைப்படையானால் கவிழ்ந்து வரும். நேரான அலையும் கவிழ்ந்த அலையும் சேரும்போது முதலில் அழிவது அடிநாதம். எனவே கலவையை வைத்தவுடன் 'ஈ' கம்பியை இடதுகை விரல் வைக்காமல் வாசித்துப் பாருங்கள். சேர்க்கும்போது கனம் குறைந்தால், அலையைப் புரட்டும் (phase) சுவிட்ச் உள்ள ப்ளெண்டர் வேண்டும். இல்லையென்றால் அதே வழியில் சிக்னலைப் புரட்டும் இன்னொரு பெடலைச் சேர்த்து நேராக்கலாம். வடிகட்டிகளும் தங்கள் எல்லையருகே அலையைக் கொஞ்சம் தள்ளிவிடும் என்பதால், காகிதக் கணக்கைவிடக் காதையே நம்புங்கள்.

விகிதம் எப்படி வைப்பது? பெரும்பாலோர் ஃபஸ்ஸை முழுக்க வைத்துவிட்டு க்ளீனைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். திருப்பிப் போடுங்கள். பேண்ட் முழுதும் வாசிக்கையில் க்ளீனை மட்டும் வழக்கமான அளவில் வையுங்கள். பிறகு ஃபஸ் குமிழை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். பேஸுக்குப் பல் முளைக்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள். தனியாகக் கேட்டால் 'இவ்வளவுதானா ஃபஸ்?' என்று தோன்றும், அப்படியே இருக்கட்டும். பெடலின் ஃபஸ் குமிழையும் பாதிக்கு மேல் ஏற்றவேண்டியதில்லை. கிட்டாரைவிட பேஸ் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) பொதுவாகத் தடித்த சிக்னலைத் தரும், சுற்று சீக்கிரமே நிறைந்துவிடும்.

ப்ளெண்டர் வாங்கும்வரை என்ன செய்வது? வால்யூம் குமிழை, பெடல் அணைந்த நிலையைவிடச் சத்தம் தெளிவாகக் கூடும்வரை ஏற்றுங்கள். காது செய்யும் ஏமாற்றுக்கு இதுதான் நேர் மருந்து. டோன் குமிழை இடப்பக்கம், ஒன்பது பத்து மணி நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஈக்யூ (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் கருவி) இருந்தால் 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை ஏற்றி பிக் மஃப்பின் பள்ளத்தை மூடுங்கள். தாழ்ந்த பகுதியை ஏற்றும் ஆசை வரும். அது அறையை உருட்டுமே தவிர உங்களை முன்னே கொண்டுவராது.

ஸ்பீக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'கிட்டாரில் வெல்லம் மாதிரி இருந்த பெடல் பேஸில் தேனீக்கூடு மாதிரி இரைகிறது' என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். ஃபஸ்ஸின் கரகரப்பில் பெரும் பங்கை அதுவே வடிகட்டிவிடுகிறது. கிட்டார் ஃபஸ்ஸை வடிவமைத்தவர்களும் அந்த ஸ்பீக்கரைக் காதில் வைத்துத்தான் வடிவமைத்தார்கள். இன்றைய பேஸ் கேபினெட்டில் உள்ள ட்வீட்டர் அந்தக் கரகரப்பை எல்லாம் ஒன்றுவிடாமல் காட்டும். கேபினெட்டின் பின்பக்கம் ட்வீட்டர் குமிழ் இருந்தால் முழுக்க அணைத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வேறு பெடல் மாதிரி இருக்கும். ஆம்பிலிருந்து நேராக ஒலியமைப்புக்கு லைன் கொடுக்கும்போதும் இதே சிக்கல்தான். ஒலிப்பொறியாளரிடம் சொல்லி ஃபஸ்ஸின் மேல்பகுதியை 4000, 5000 ஹெர்ட்ஸில் வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலிசெய்யும் கேபினெட் சிமுலேஷன் போடுங்கள்.

உங்களிடம் இருப்பது பிக் மஃப் வகை என்பதால் வரிசையில் எங்கே வைத்தாலும் பெரிய பிரச்சினை வராது. நாளைக்கு ஃபஸ் ஃபேஸ் வகைக்குப் போனால் கதை வேறு. இரண்டே டிரான்சிஸ்டர் கொண்ட அந்தச் சுற்றின் உள்நுழைவுத் தடை மிகக் குறைவு. பிக்கப்பின் சுருளே அந்தச் சுற்றின் ஓர் உறுப்பு மாதிரி நடந்துகொள்ளும். பேஸின் வால்யூம் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் ஒலி அழகாகத் தெளியும். பேட்டரியில் ஓடும் சுற்று உள்ளே இருக்கும் ஆக்டிவ் பேஸ், வயர்லெஸ், பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சிறு சுற்று) உள்ள ட்யூனர் இவற்றில் ஏதாவது முன்னால் வந்துவிட்டால் அந்த உறவு அறுந்துபோய், வறண்ட இரைச்சல்தான் மிஞ்சும். பேஸிலிருந்து நேராக ஃபஸ் ஃபேஸ், பிறகு மற்றதெல்லாம். ஆக்டிவ் பேஸ் என்றால், பாஸிவ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். இதனால் ஒரு சங்கடமும் உண்டு: சிக்னலைப் பிரிக்கும் ப்ளெண்டரிலும் பஃபர் இருக்கும் என்பதால் ஃபஸ் ஃபேஸ் அதற்குள் தன் முழு குணத்தைக் காட்டாது. ப்ளெண்டருக்குள் போட மஃப் வகையே தோது.

பழைய பாணி ஜெர்மேனியம் பெடல்களில் பலவற்றின் மின்முனை தலைகீழ். மற்ற பெடல்களோடு ஒரே மின்சாரச் சரத்தில் கோத்தால் ஷார்ட் ஆகும். தனி இணைப்போ பேட்டரியோதான் சரி.

விரல்களுக்கும் வேலை உண்டு. ஃபஸ் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் மரியாதையாக நடத்தும். இரண்டு சுரங்களைச் சேர்த்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய அதிர்வுகளாக வந்து நுழையும். 41 ஹெர்ட்ஸ் 'ஈ'யோடு அதன் ஐந்தாம் சுரமான 62 ஹெர்ட்ஸ் 'பி'யை வாசித்தால் 21 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் பிறக்கிறது; யாருக்கும் சரியாகக் கேட்காது, ஆம்பின் சக்தியை மட்டும் தின்னும். அதே ஜோடியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்தால் கர்ஜனை. மூன்றாம் சுரத்தைத் தாழ்ந்த இடத்தில் சேர்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் கம்பியை அடக்குவது. க்ளீனில் கேட்கவே கேட்காத சின்ன உரசல், பக்கத்துக் கம்பியின் நடுக்கம் எல்லாவற்றையும் ஃபஸ் மேலே தூக்கிவிடும். வலது கட்டைவிரல் 'ஈ' கம்பியின் மேல் மிதந்துகொண்டே இருக்கட்டும், இடதுகை விரல்களின் அடிப்பாகம் மற்ற கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். சுரத்தை எங்கே முடிக்கிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். ஃபஸ் தாக்கத்தைத் தட்டையாக்கிவிடுவதால் மிஞ்சும் தாளம், சுரங்களுக்கு நடுவே நீங்கள் விடும் மௌனத்தில்தான் இருக்கிறது. ஸ்னேர் விழும் இடத்தில் கம்பியை அடக்கிப் பாருங்கள், பேண்டே நிமிர்ந்து உட்காரும்.

பெடலைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் செய்யலாம். மேலே சொன்ன 0.01 மைக்ரோஃபாரட்டை 0.1 ஆக்கினால் சரிவு 159-லிருந்து 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் மாற்றினால் சுற்றுக்குள் அளவுக்கு மீறி அடி புகுந்து, ஃபஸ் குதப்பத் தொடங்கும். உங்களுடையது நண்பரின் பெடல், அதில் கைவைக்க வேண்டாம்.

கிட்டாருக்கென்று வந்த பெடலால் பேஸில் என்ன முடியும் என்று சந்தேகம் வந்தால் மெட்டாலிகாவின் க்ளிஃப் பர்ட்டன் 1983-ல் பதிவுசெய்த பேஸ் தனிவாசிப்பைக் கேளுங்கள். பிக் மஃப்பும் 'வா' (wah) பெடலும் பேஸும்தான். ஆனால் அங்கே பேஸே முன்னணி வாத்தியம். பாட்டின் அடியில் நின்று தாங்கும் வேலைக்கு அதே அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

அடுத்த ஒத்திகையில் இதைச் செய்யுங்கள். உங்கள் ஆம்புக்கு முன்னால் நின்று ஒலியை முடிவுசெய்யாமல், கைபேசியை டிரம்ஸுக்கும் உங்கள் ஆம்புக்கும் நடுவே, சில அடி தள்ளி வைத்துப் பதிவுசெய்யுங்கள். ஒரே பாட்டை மூன்று முறை: ஃபஸ் இல்லாமல், ஃபஸ் மட்டும், ஃபஸ்ஸும் க்ளீனும் கலந்து. ப்ளெண்டர் இல்லையென்றால் யாரிடமாவது ஒருநாள் இரவல் வாங்குங்கள். வீட்டுக்குப் போய் ஹெட்ஃபோனில் கேட்கும்போது பேஸைத் தேடாதீர்கள், கிக் டிரம்மைக் கவனியுங்கள். எந்தப் பதிவில் கிக் டிரம் தடித்துக் கேட்கிறதோ அந்த விகிதத்தைப் பெடலின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள்.